முதல் அளவு கேற்றில்

மீன் தொட்டி கட்டித் தரச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அளவு நாடாவை நான் முதலில் விரிக்கிற இடம் கேற்று. பிறகு விறாந்தைக் கிறில், முன்கதவு நிலை, உள்ளே இருக்கிற நடை, அந்த நடை திரும்புகிற மூலை என்று ஒவ்வொன்றாக அளந்துகொண்டு போவேன். தொட்டி வைக்கப்போகிற சுவருக்குக் கடைசியாகத்தான் வருவேன். அப்போது தாளில் எழுதியிருக்கிற எண்களில் எது மிகச் சிறியதோ, அதை வைத்தே அந்த வீட்டுக்கு எப்படிப்பட்ட வேலை சரிவரும் என்று தீர்மானிப்பேன். தன்னாமுனையில் இருந்துகொண்டு, வடக்கே ஏறாவூர், செங்கலடி வரைக்கும், தெற்கே மட்டக்களப்பு நகரம், கல்லடி, காத்தான்குடி வரைக்கும் பல வருடங்களாக இந்தத் தொழிலைச் செய்கிறேன். சிறிய தொட்டியைக் கட்டி முடித்துப் பட்டா லொறியில் ஏற்றிக் கொடுத்துவிடலாம். பெரிய தொட்டி அப்படிப்பட்டது இல்லை. அது ஒரு வீட்டுக்குள் போவதற்கு அந்த வீட்டின் சம்மதம் வேணும்.

பெரிய தொட்டி என்று நான் சொல்வது ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்திலிருந்து தொடங்குகிறது. கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பதும் இந்த அளவைத்தான். இதற்குள் 24 கன அடி தண்ணீர் பிடிக்கும். ஒரு கன அடிக்கு 28 லீற்றருக்குக் கொஞ்சம் கூட என்று பார்த்தால் ஏறக்குறைய 680 லீற்றர். அதாவது 680 கிலோ. 12 மில்லி கண்ணாடி சதுர மீற்றருக்கு 30 கிலோ. அடி, முன், பின், இரண்டு பக்கம் எல்லாம் சேர்த்துக் கண்ணாடி மட்டும் 120 கிலோவைத் தாண்டும். மணல், கல், தொட்டி நிற்கிற தாங்கி எல்லாம் சேர்ந்தால் 900 கிலோவை நெருங்கும். பதினெட்டுப் பை சீமெந்தைப் பன்னிரண்டு சதுர அடிக்குள் அடுக்கி, வருடக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பதைப் போன்றது அது. வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கை நான் தாளில் எழுதிக் காட்டுவேன். எழுதிக் காட்டாமல் ஒரு வேலையும் தொடங்குவதில்லை.

நான் தொழில் பழகியது மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில். யன்னல் கண்ணாடி, படச் சட்டம், கடைகளுக்கு அலுமாரிக் கதவு. எங்களுக்குத் தொழில் சொல்லித் தந்த பெரியண்ணன் ஒரே கோட்டில், ஒரே அழுத்தத்தில் வெட்டுவார். கோடு போட்ட இடத்தில் திரும்பக் கண்ணாடி வெட்டுகிற வைரத்தை வைக்க விடமாட்டார். ஓரத்தைத் தேய்க்காத கண்ணாடியை எவர் கையிலும் கொடுக்கவும் விடமாட்டார். கண்ணாடி நடுவில் பலமானது, ஓரத்தில்தான் அதற்கு நோவு என்பார். சின்னச் செதில் ஒன்று ஓரத்தில் பெயர்ந்திருந்தால், வெடிப்பு அங்கேயிருந்துதான் தொடங்கும். தொட்டி வேலைக்கு வந்த பிறகு அவருடைய பேச்சின் பெறுமதி எனக்கு இன்னும் நன்றாக விளங்கியது. தொட்டியை வீட்டுக்குள் கொண்டுபோகும்போது நிலையில் இடிபடுவது எப்போதும் அந்த ஓரம்தான்.

எங்கள் பக்கத்து வீடுகள் பெரிய சாமானை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை இல்லை. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டின வீடுகள் 550 சதுர அடி அளவு. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, முன்னால் ஒரு சிறிய விறாந்தை. வசதி வந்ததும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இழுத்துக் கட்டுவார்கள். அப்படி இழுத்துக் கட்டும்போது பழைய வெளிக்கதவு உள்கதவாகும். பழைய முற்றத்தின் ஒரு துண்டு மூன்றடி நடையாகும். கடைசியில் வீட்டின் பெரிய சுவர் எல்லாவற்றுக்கும் பின்னால், இரண்டு திருப்பம் தாண்டி இருக்கும். தொட்டி அந்தச் சுவரில் வைக்கணும் என்றுதான் எல்லோரும் ஆசைப்படுவார்கள்.

தன்னாமுனையிலேயே, வாவிப் பக்கமாக இருந்த ஒரு வீட்டில் செய்த வேலையைச் சொன்னால் இந்தத் தொழில் முழுவதும் விளங்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய வீடு. பின்பக்க ஹோலில் ஏழடிச் சுவர் ஒன்று வெறுமையாக இருந்தது. நான் போய் கேற்றில் நாடாவைப் பிடித்ததும் அவர் விறாந்தையிலிருந்து கூப்பிட்டார்.

“என்ன தம்பி, சுவர் உள்ளுக்கு இரிக்கி. நீங்க கேற்றை அளக்கிறீங்க?”

“தொட்டி கேற்றாலதானே சேர் வரணும்.”

“கேற்றால லொறியே வரும்.”

“வரும் சேர். மறுகா அது எங்க கிறுகிறது எண்டுதான் பாக்கணும்.”

கிறில் மூன்றடி. முன்கதவு நிலை 2 அடி 9 அங்குலம். அதற்குள்ளே மூன்றடி நடை. அது இரண்டு அறைகளுக்கு இடையே போய், வலதுகைப் பக்கம் திரும்பி, அங்கேயும் மூன்றடியாகவே இருந்து, ஹோலில் முடிந்தது. தொட்டியின் அகலம் இரண்டடிதான், எல்லாக் கதவாலும் போகும் என்று சேர் கணக்குப் போட்டிருந்தார். நேரே போகிற வழியென்றால் அந்தக் கணக்கு சரி. திருப்பத்தில் அது நிற்காது. மூன்றடி நடை ஒன்று இன்னொரு மூன்றடி நடையோடு மூலையில் சந்திக்கிற இடத்தில், இரண்டடி அகலமான பெட்டி ஒன்றைப் படுக்கையாகக் கொண்டு திரும்பணும் என்றால் அதன் நீளம் நாலரை அடிக்கு மேலே போகக்கூடாது. நடை இரண்டும் நாலடியாக இருந்தால் ஏழடிப் பெட்டியும் திரும்பிவிடும். ஓரடி வித்தியாசம் நடையில் வந்தால், பெட்டியில் மூன்றடிக்குக் கிட்ட வித்தியாசம் வருகிறது. வீடு கட்டுகிற மேசன்மாருக்கும் ஓடாவிமாருக்கும் இதை நான் எப்போதும் சொல்வேன். தொட்டிக்கு மட்டுமில்லை, கட்டில், அலுமாரி, நோயாளியைத் தூக்கிவரும் படுக்கை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

சொல்லிக்காட்டினால் ஒருவரும் நம்புவதில்லை. அதனால் அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாயில் ஆறடி, இரண்டடி, இரண்டடிக்கு ஒரு சட்டம் பொருத்தி வைத்திருக்கிறேன். முழங்கைத் துண்டுகளைக் கழற்றினால் பையில் அடங்கும். அதை நானும் தம்பி ஒருவனும் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நடந்தோம். திருப்பத்தில் சட்டத்தின் ஒரு முனை சுவரில் முட்ட, மற்ற முனை அறைக்கதவு நிலையில் முட்டி நின்றது. சேர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “நிமித்திப் பாருங்க” என்றார்.

நிமிர்த்தலாம். ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள பெட்டியை நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் 6 அடி 4 அங்குலம். கூரை ஒன்பதடியில் இருந்ததால் தட்டாது. நிமிர்ந்து நிற்கும்போது அதற்கு இரண்டடிச் சதுரம் போதும்; மூலையில் திரும்பியும் விடும். கணக்குச் சரியாக வந்தாலும் நான் அதைச் செய்ய மறுத்துவிட்டேன். தொட்டியின் ஒட்டுகள் உள்ளேயிருந்து தண்ணீர் வெளியே தள்ளுகிற விசைக்காகப் போடப்பட்டவை. அதை நிமிர்த்தி, 120 கிலோவையும் ஒரு பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் நிறுத்தி, நாலு பேர் நாலு பக்கம் இழுத்தால் அந்த ஒட்டு முறுக்குப்படும். முறுக்குப்பட்ட ஒட்டில் வெளியே ஒன்றும் தெரியாது. தண்ணீர் நிரப்பிப் பல மாதம் கழித்து ஒரு இரவில் தெரியும். இன்னொன்று, தொட்டி கதவால் போகும், ஆனால் தொட்டியைத் தூக்குகிறவர்கள் போகமாட்டார்கள். 2 அடி 9 அங்குல நிலைக்குள் இரண்டடித் தொட்டியின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடமில்லை. முன்னும் பின்னும் ஆளுக்கு 60 கிலோ என்று இரண்டு பேர் மட்டும் தூக்கணும். கண்ணாடியை அப்படித் தூக்க நான் யாரையும் விடுவதில்லை.

மிஞ்சின வழி, தொட்டியைக் கண்ணாடியாகவே கொண்டுபோய் அந்த ஹோலில் வைத்துக் கட்டுவது. முன்கண்ணாடி தனியாக 33 கிலோ. இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு எந்த நடையிலும் நடக்கலாம், எந்த மூலையிலும் திரும்பலாம்.

இடத்தில் வைத்துக் கட்டுகிற வேலையில் கடை மேசையின் வசதி ஒன்றும் இராது. தாங்கிதான் மேசை. அதனால் முதலில் தாங்கியை மட்டம் பார்க்கணும். எங்கள் ஊர் வீட்டுத் தரைகள் கழுவி விடுவதற்காகக் கதவுப் பக்கம் வாட்டம் வைத்துப் பூசப்பட்டவை. கண்ணுக்குத் தெரியாத அந்த வாட்டம் ஆறடியில் மூன்று நாலு நூல் வரும். தண்ணீர் நிரப்பினால் ஒரு பக்கம் உயரமாக, ஒரு பக்கம் பள்ளமாக அது தெரிந்துவிடும். பார்ப்பதற்கு அழகில்லை என்பது சிறிய விசயம். பாரம் ஒரு பக்கம் சாய்வது பெரிய விசயம். மேசன்மார் பிடிக்கிற தண்ணீர்க் குழாய் மட்டத்தையே நானும் பிடிப்பேன். குறைகிற இடத்தில் தாங்கியின் காலுக்குக் கீழே இரும்புத் தகடு வைப்பேன். கண்ணாடிக்குக் கீழே தகடோ மட்டையோ வைக்கக் கூடாது. அங்கே முழுப் பரப்புக்கும் ஒரே தடிப்பில் றெஜிபோம் மட்டும்தான். பலகையில் இருக்கிற சின்னச் சின்ன மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும்.

சேர் வீட்டில் தாங்கியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டோம். ஒட்டும்போது பின்பக்கம் ஓர் ஆள் நின்று கை ஓட்ட இடம் வேணும். அடிக் கண்ணாடியை வைத்து, முதலில் பின்கண்ணாடி, பிறகு இரண்டு பக்கம், கடைசியாக முன்கண்ணாடி. ஓரங்களை அசிற்றோன் தொட்ட சுத்தமான துணியால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது. விரலில் இருக்கிற எண்ணெய் போதும், அந்த இடத்தில் சிலிக்கன் பிடிக்காமல் விட. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒரே சீரான இடைவெளி இருப்பதற்குத் தங்கூசித் துண்டுகளை ஓரத்தில் வைத்துக்கொள்வேன். வாவியில் தூண்டில் போடுகிற அதே தங்கூசிதான். கண்ணாடி கண்ணாடியை முட்டக்கூடாது. நடுவில் ஒரு மில்லிக்குக் குறையாத சிலிக்கன் இருந்தால்தான் ஒட்டு இழுபட்டுக் கொடுக்கும். சிலிக்கனைக் கன்னால் ஒரே ஓட்டமாக இழுத்த பிறகு பத்து நிமிசத்துக்குள் கண்ணாடியை வைத்துவிடணும். அதற்குள் மேலே தோல் போடத் தொடங்கிவிடும். தோல் போட்ட சிலிக்கனில் வைத்த கண்ணாடி பார்வைக்கு ஒட்டின மாதிரி நிற்கும், ஒட்டியிராது. அதே போலத்தான் காய்ந்த பழைய சிலிக்கனுக்கு மேலே பூசுகிற புதுச் சிலிக்கனும்; அது பிடிக்காது. குளியலறைக்கு விற்கிற பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கனையும் தொட்டிக்கு எடுக்கக் கூடாது. அதில் கலந்திருக்கிற மருந்து மீனைக் கொல்லும்.

மேலே விளிம்பு நெடுகக் கண்ணாடிப் பட்டியும் நடுவில் ஒரு குறுக்குக் கண்ணாடியும் ஒட்டினோம். இது அலங்காரம் என்று நினைத்து வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். நிரம்பின தொட்டியின் முன்கண்ணாடியைத் தண்ணீர் 340 கிலோ பாரத்துக்குச் சமமான விசையால் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. தொட்டியின் பின்னால் ஓரடி இருந்தாலும் ஐந்தடி இருந்தாலும், உயரம் ஒன்றென்றால் முன்கண்ணாடிக்கு விழுவது ஒரே அழுத்தம். அதனால்தான் இடம் குறைந்த வீட்டில் உயரத்தைக் கூட்டுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் சம்மதிப்பதில்லை. உயரம் இரண்டு மடங்கானால் கண்ணாடி தாங்கவேண்டிய விசை நாலு மடங்காகும்.

சிலிக்கன் காய்கிற நாட்களில் வீட்டில் வினாகிரி மணம் நிற்கும். காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் அது இறுகும், வெளியிலிருந்து உள்ளே, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லி கணக்கில். வாவிக்காற்று வீசுகிற எங்கள் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த மணம் நெஞ்சை அடைக்கும். சேரின் பேரப்பிள்ளைக்குத் தொய்வு இருந்தது. அதைத் தெரிந்துகொண்டதும், பிள்ளையைத் தாய்வழி வீட்டில் விட்டுவைக்கச் சொல்லி, யன்னல்களைத் திறந்து வைத்த பிறகுதான் சிலிக்கனை உடைத்தேன். ஆட்கள் குடியிருக்கிற வீட்டுக்குள் வேலை செய்கிறவன் அந்த வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்டு அறிவது வேலையின் ஒரு பங்கு. ஒரு கிழமை முழுதாகப் போன பிறகு, தாங்கியின் காலுக்குக் கீழே தடித்த துணியை வைத்துத் தாங்கியும் தொட்டியும் ஒன்றாக, மெல்ல மெல்லச் சுவர்ப் பக்கம் தள்ளினோம். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு அங்குலம் விட்டேன். குழாய் போகணும், வயர் போகணும், பல்லியும் தூசியும் சேர்ந்தால் துடைக்கக் கை போகணும். பிறகு மட்டத்தை மறுபடி பார்த்து, கால்வாசி தண்ணீர் விட்டு ஓர் இரவு வைத்தோம். அப்படியே அரைவாசி, முக்கால்வாசி. ஒவ்வொரு தடவையும் ஒட்டு நெடுகக் காய்ந்த தாளை வைத்துப் பார்ப்பேன். கசிவைக் கண்ணால் காண்பதற்கு முன்னால் தாள் காட்டிவிடும்.

மேல்மாடியில் தொட்டி கேட்கிறவர்களும் உண்டு. அங்கே வழியைவிடத் தளம்தான் பெரிய கேள்வி. வீட்டுத் தளங்கள் சதுர மீற்றருக்கு 150 கிலோ, கூடினால் 200 கிலோ புழக்கப் பாரத்தை நினைத்து வடிவமைக்கப்படுபவை. ஆறடித் தொட்டியோ சதுர மீற்றருக்கு 800 கிலோவைக் கொடுக்கும். சுவரோரமாக, பீமுக்கு மேலே, பீமுக்குக் குறுக்காக வைத்தால் தாங்கக்கூடும். தாங்குமா என்று சொல்லவேண்டியவர் பொறியியலாளர். அவருடைய கையெழுத்து இல்லாமல் நான் படியேறுவதில்லை. இதனால் எனக்குப் போன வேலைகளும் உண்டு. அவை போனதில் எனக்கு வருத்தமில்லை.

இடத்தில் வைத்துக் கட்டுவது சின்ன வீட்டுக்காரரின் சமாளிப்பு என்று யாரும் நினைக்கக் கூடாது. உலகத்தின் பெரிய தொட்டிகள் எல்லாம் அப்படிப் பிறந்தவைதான். 1909-இல் எட்கர் தேர்ஸ்டனின் முயற்சியால் சென்னை மெரீனாக் கரையில் மீன் காட்சியகம் திறந்தபோது, மீனுக்காகவே கட்டடம் எழுப்பப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் 1942-இல் அது மூடப்பட்டது. பேர்ளின் நகரத்தில் ஒரு ஹோட்டலின் முகப்புக்குள் 2003-இல் நிறுவப்பட்ட அக்குவாடோம் என்கிற உருளைத் தொட்டி 10 லட்சம் லீற்றர் கொண்டது. அவ்வளவு பெரிய அக்றிலிக் உருளை எந்தக் கதவாலும் போகாது. துண்டு துண்டாகக் கொண்டுபோய் அங்கேயே ஒட்டினார்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலை அது வெடித்தது. ஏறக்குறைய 1,500 மீன்களில் பெரும்பாலானவை செத்தன. நிபுணர் அறிக்கையால் ஒரு காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒட்டின இணைப்பு விட்டுக்கொடுத்தது அது சொன்ன சாத்தியங்களில் ஒன்று. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஒட்டு வேலையில் என் கூட நிற்கிற பையன்களிடம் அவசரம் என்ற சொல்லைச் சொல்லவே விடுவதில்லை. பத்து லட்சம் லீற்றருக்கும் 680 லீற்றருக்கும் ஒட்டு ஒன்றுதான் காவல்.

தொட்டி உள்ளே வந்து, தண்ணீர் நின்று, மீன் விட்ட பிறகும் இடத்தின் நெருக்கம் கூடவே வரும். மூடியைத் திறந்து கையை அடிவரை விடுவதற்குத் தொட்டிக்கு மேலே ஒன்றரை அடியாவது வெறும் இடம் வேணும். மேலே தட்டு அடித்துப் புத்தகம் அடுக்கிவிட்டால் தொட்டியைத் துப்பரவாக்க முடியாது. வாவியோரத்துக் கிணறுகள் பலதில் தண்ணீர் உவர். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின். எந்தத் தண்ணீர் என்று பார்த்துத்தான் எந்த மீன் என்று சொல்லணும். மொலி மீனுக்கு உவர் ஒத்துக்கொள்ளும், எல்லா மீனுக்கும் ஒத்துக்கொள்ளாது. மாரியில் வெள்ளம் ஏறுகிற வளவு என்றால் மின்சாரப் பிளக்கை இடுப்புக்கு மேலே வைக்கச் சொல்வேன். 2022-இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரைக்கும் கரன்ட் நின்ற காலத்தில், பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்பு இருந்த தொட்டிகளில் மீன் பிழைத்தது. அதற்குப் பிறகு அதையும் சேர்த்தே விலை சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்குள் கட்டின தொட்டி ஒரு நாள் வெளியே வரவும் வேணும். பிள்ளைகள் வெளிநாடு கூப்பிடுவார்கள், வீடு விற்கப்படும், சுவர் எழும்பும். ஏறாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில், முன்னர் வேறு யாரோ கட்டின தொட்டியைக் கழற்றப் போனேன். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒட்டை அறுக்கிற பிளேற் நுழைய இடமில்லை. தொட்டிக்கு முன்னால் பிறகு எழுப்பின அரைச்சுவர். அந்த வீட்டம்மா, “உடைச்சி எடுங்க தம்பி, வேற என்ன செய்யிற” என்றார். நல்ல 12 மில்லி கண்ணாடி. உடைக்காமல், முன்கண்ணாடியின் ஒட்டில் மெல்லிய இரும்புக் கம்பியை நுழைத்து, இரண்டு பக்கமும் இழுத்து இழுத்து அறுத்து எடுத்தோம். ஒட்டை வெட்டத் தெரிந்தால் கண்ணாடி மறுபடி கண்ணாடிதான். பழைய சிலிக்கனை மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்தால் இன்னொரு வீட்டில் மறுபடி தொட்டியாகும். ரூபாயின் பெறுமதி விழுந்து கண்ணாடியும் சிலிக்கனும் விலை ஏறிக் கிடக்கிற இந்தக் காலத்தில் இது சின்ன விசயமில்லை.

அன்றிலிருந்து வேலை ஒப்புக்கொள்ளும்போது இரண்டு வழியை வரைந்து கொடுக்கிறேன். ஒன்று கண்ணாடி உள்ளே வருகிற வழி, மற்றது எந்த ஒட்டை முதலில் வெட்டி, எந்தக் கண்ணாடியை முதலில் எடுத்து, எந்தக் கதவால் கொண்டுபோவது என்கிற வழி. என்னிடம் தொழில் பழகுகிற பையன்கள் இந்த இரண்டையும் தாளில் வரைந்து காட்டிய பிறகுதான் வைரத்தைக் கையில் எடுக்கலாம். இரண்டாவது வழியை வரைய முடியாத வீட்டில் ஆறடியை நாலடியாகக் குறைக்கச் சொல்வேன். குறைக்க மனமில்லை என்றால் அந்த வேலையை எடுக்கமாட்டேன்.